40 பிள்ளைகள் ஒரே நேரம் குவிஸ் திறந்தா சேர்வர் விறைச்சுப் போகுது: கோர் 2 டுவோ, 2 ஜிபி ரேம்

ஆரையம்பதி_லேப் எழுதியது:

வணக்கம். கல்வி நிலையம் ஒண்டின்ட லேப்புக்கு மூடில் (பாடமும் குவிஸும் நடத்துற மென்பொருள்) ஓடுது. பிள்ளைகள் பாவிக்கிற கணினி 40. சேர்வரா இருக்கிறது பழைய மேசைக் கணினி. லேப்புக்குள்ள மட்டும்தான், இன்டர்நெட்டுக்குத் திறக்கல்ல.

சாமான் விபரம்: கோர் 2 டுவோ இ7500, 2.93 கிகாஹேர்ட்ஸ். ஜி31 சிப்செட் போட், சவுத் பிரிட்ஜ் ஐசிஎச்7. டிடிஆர்2 ரேம் 1 ஜிபி ரெண்டு. 160 ஜிபி ஹார்ட் டிஸ்க், 7200 ஆர்பிஎம். டெபியன் 12 லினக்ஸ், 64 பிட், க்னோம் டெஸ்க்டொப்போட போட்டது. வெப் சேர்வர் அப்பாச்சி, பக்கங்களைக் கட்டுற பிஎச்பி 8.2, டேட்டாபேஸ் மரியாடிபி, மூடில் 4.5. மூடில் கேட்டதால பிஎச்பி.ஐஎன்ஐ ஃபைலில மேக்ஸ்_இன்புட்_வார்ஸ் 5000 ஆக்கினது மட்டும்தான், மற்ற செட்டிங் ஒண்டும் தொடல்ல.

அஞ்சாறு பேர் பாவிக்கக்குள்ள பிரச்சினை இல்ல. 40 பேரும் ஒரே நேரம் குவிஸைத் திறந்தா முதல் நாலஞ்சு பேருக்கு வரும், மற்றவங்களுக்கு வெள்ளைத் திரை. ஹார்ட் டிஸ்க் லைட் அணையாம எரியும். எஸ்எஸ்எச்சில போனா பாஸ்வேர்ட் கேக்கவே ஒரு நிமிஷம். சில நேரம் கடைசியில "டேட்டாபேஸோட இணைய ஏலாது" எண்டு வந்து எல்லாருக்கும் நிண்டு போகும்.

அந்த நேரம் விஎம்ஸ்டாட் 1 (சிபியூ, மெமரி, டிஸ்க் நிலையைச் செக்கனுக்கொருக்கா காட்டுற கட்டளை) காட்டினது: ஆர் 3, பி 38, எஸ்ஐ 4200, எஸ்ஓ 5100, யூஎஸ் 6, எஸ்ஒய் 3, டபிள்யூஏ 91. ஸ்வொப் (மெமரி போதாட்டிப் பாவிக்கிற டிஸ்க் இடம்) கிட்டத்தட்ட 1 ஜிபியும் முடிஞ்சு.

சிபியூவைக் கழட்டி க்யூ6600 குவாட் கோர் போட்டா சரியாகுமா? புதுச் சேர்வர் வாங்குற அளவுக்கு சல்லி இல்ல.

நிந்தவூரான் பதில்:

தம்பி, சிபியூவில கை வைக்காதீங்க. நீங்க போட்ட எண்கள்லயே விடை இருக்கு. யூஎஸ் 6 எண்டா சிபியூ நூற்றுக்கு 6 பங்குதான் மூடிலுக்கு வேலை செஞ்சிருக்கு. டபிள்யூஏ 91, அதாவது மிச்ச நேரம் முழுக்க ஹார்ட் டிஸ்க்கைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கு. பி 38 எண்டது டிஸ்க்குக்காகக் காத்துக் கிடக்கிற ப்ரொசஸ்ட எண்ணிக்கை. எஸ்ஐயும் எஸ்ஓவும் ஒரே நேரம் ஆயிரக்கணக்கில நிண்டா, மெமரி போதாம ஒண்டை வெளியில தள்ளி மற்றதை உள்ளுக்கு இழுத்து, மறுகா அதையே வெளியில தள்ளுது எண்டு அர்த்தம். இந்த நிலையில குவாட் கோர் போட்டா நாலு கோரும் சேர்ந்து காத்திருக்கும், அவ்வளவுதான்.

டேட்டாபேஸ் நிண்டதுக்கும் இதுதான் காரணமா இருக்கும். டீமெசெக்கில (சிஸ்டத்தின்ட மையமான கேர்னல் எழுதுற குறிப்பு) "அவுட் ஒஃப் மெமரி: கில்ட் ப்ரொசஸ்" எண்டு தேடிப் பாருங்க. ஸ்வொப்பும் முடிஞ்சா கேர்னல் ஒரு ப்ரொசஸைக் கொல்லும், பெரிய ஆள் எண்டு மரியாடிபி அகப்படும்.

ஏன் மெமரி போதல்ல எண்டா, பிஎச்பியை மொட்யூலா வச்சா டெபியன் அப்பாச்சியை ப்ரீஃபோர்க் முறையில ஓட்டும். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு முழு ப்ரொசஸ், அதுக்குள்ள பிஎச்பியும் சேர்ந்தே இருக்கும். ப்ரவுசர் ஒண்டு எச்டிடிபி 1.1இல ஒரு சேர்வருக்கு 6 இணைப்பு வரைக்கும் திறக்கும். 40 பிள்ளைகள், 240 இணைப்பு. டெபியன்ல மேக்ஸ்ரிக்குவெஸ்ட்வேர்க்கர்ஸ் (ஒரே நேரம் வேலை செய்யக்கூடிய ப்ரொசஸ்ட உச்ச எண்ணிக்கை) 150. மூடில் ஓடின ப்ரொசஸ் ஒண்டு 60 எம்பி எண்டு குறைச்சே வச்சாலும் 150 பெருக்கல் 60, 9000 எம்பி. உங்களிட்ட இருக்கிறது 2048. இதில இன்னொரு கொடுமை கீப்அலைவ்: பக்கம் வந்து முடிஞ்ச பிறகும் அந்தக் கனத்த ப்ரொசஸ் அடுத்த கேள்விக்காக 5 செக்கன் சும்மா குந்திக்கொண்டிருக்கும். ஒரு சின்ன ஐக்கன் படம் குடுக்கவும் அதே 60 எம்பி ஆள்தான்.

அதால முதல்ல மெமரிக்குப் பட்ஜெட் போடுங்க. சிஸ்டத்துக்கு 200 எம்பி, மரியாடிபிக்கு 400, ஓபிகேஷுக்கு (பிஎச்பி ஃபைல்களைத் தயாரா வச்சிருக்கிற மெமரி) 128, ஃபைல் கேஷுக்கு ஆகக் குறைஞ்சது 300, ஒன்போட் விஜிஏவும் சில்லறையுமா 60. கூட்டினா 1088. மிச்சம் 960. வேர்க்கர் (பக்கம் கட்டித் தாற ப்ரொசஸ்) ஒண்டுக்கு 80 எம்பி எண்டு தாராளமா வச்சா 12 பேருக்கு இடம். பாதுகாப்புக்கு 10 போடுங்க.

இந்த 80ஐ நீங்களே அளந்து பாக்கணும். டொப் காட்டுற ஆர்எஸ்எஸ் எண்ணிக்கையைக் கூட்டாதீங்க, பொதுவாப் பாவிக்கிற மெமரியை ஒவ்வொருத்தருக்கும் திரும்பத் திரும்ப எண்ணும். ப்ரொக் அடைவுக்குள்ள அந்த ப்ரொசஸ்ட எண் உள்ள அடைவில ஸ்மாப்ஸ்_ரோலப் எண்டொரு ஃபைல் இருக்கு, அதில பிஎஸ்எஸ் வரியைப் பாருங்க. அதுதான் உண்மையான பங்கு.

செய்யிற ஒழுங்கு:

முதல்ல க்னோமை நிப்பாட்டுங்க. "சிஸ்டம்சிடிஎல் செட்-டிஃபோல்ட் மல்டி-யூசர்.டார்கெட்" குடுத்து ரீஸ்டார்ட். அதிலயே பல நூறு எம்பி மிஞ்சும். சேர்வருக்கு முன்னால ஆரும் மவுஸோட இருக்கப் போறதில்லையே.

அடுத்தது பிஎச்பி8.2-எஃப்பிஎம் பொதியை (பிஎச்பியை அப்பாச்சிக்கு வெளியில தனியா ஓட்டுறது) ஏபிடியால போடுங்க. பிறகு ஏ2டிஸ்மொட் கட்டளையால பிஎச்பி8.2ஐயும் எம்பிஎம்_ப்ரீஃபோர்க்கையும் கழட்டுங்க. ஏ2என்மொட்டால எம்பிஎம்_ஈவென்ட், ப்ரொக்ஸி_எஃப்சிஜிஐ, செட்என்விஃப் மூண்டையும் பூட்டுங்க. ஏ2என்கொன்ஃப்பால பிஎச்பி8.2-எஃப்பிஎம். அப்பாச்சியை ரீஸ்டார்ட் பண்ணுங்க. இப்ப இணைப்புகளை ஈவென்ட் முறை சின்னத் த்ரெட்டுகளால பிடிச்சு வச்சிருக்கும், பிஎச்பி தேவைப்பட்டா மட்டும் எஃப்பிஎம்மிட்டக் குடுக்கும்.

பூல் ஃபைலான டபிள்யூடபிள்யூடபிள்யூ.கொன்ஃப்பில பிஎம் = ஸ்டெட்டிக், பிஎம்.மேக்ஸ்_சில்ட்ரன் = 10, பிஎம்.மேக்ஸ்_ரிக்குவெஸ்ட்ஸ் = 500. டெபியன் குடுக்கிற எண் 5தான், அதை மறந்து விட்டுட்டு எஃப்பிஎம் மெதுவு எண்டு குறை சொல்ற ஆக்கள் கனபேர்.

எஃப்பிஎம்முக்கு பிஎச்பி.ஐஎன்ஐ வேற. அப்பாச்சி அடைவில நீங்க மாத்தின 5000 இங்க வராது, எஃப்பிஎம் அடைவில இருக்கிற ஃபைலில திரும்பப் போடுங்க. அதிலயே ஓபிகேஷ்.ரிவாலிடேட்_ஃப்ரெக் = 60 ஆக்கினா 2 செக்கனுக்கொருக்கா ஒவ்வொரு ஃபைலும் மாறியிருக்கா எண்டு டிஸ்க்கைத் தட்டாது.

10 வேர்க்கர் 40 பேருக்குக் காணுமா எண்டு கேப்பீங்க. மூடில் பக்கம் ஒண்டு இந்தச் சிபியூவில 0.4 செக்கன் வேலை வாங்குது எண்டு வைங்க. ரெண்டு கோர், செக்கனுக்கு 5 பக்கம். 40 பக்கத்துக்கு 8 செக்கன். 10 வேர்க்கர் இருந்தாலும் 150 இருந்தாலும் அதே 8 செக்கன்தான். மிச்ச ஆக்கள் மெமரியைத் திண்டுகொண்டு உள்ளுக்குள்ள நிக்கிறதை விட வெளியில வரிசையில நிக்கட்டும்.

மரியாடிபிக்கு: இன்னோடிபி_பஃபர்_பூல்_சைஸ் 256 எம்பி, மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ் 30. வேர்க்கர் 10 பேர்தானே, 151 இணைப்புக்குக் கதவைத் திறந்து வைக்கத் தேவையில்ல.

வாழைச்சேனை_வன்பொருள் பதில்:

நிந்தவூரான் சொன்னதை முதல்ல செய்யுங்க, அதுக்குச் சல்லி செலவில்ல. பிறகு வாங்க வேண்டிய சாமான், இந்த வரிசையில.

ரேம். ஜி31க்கு உச்சம் 4 ஜிபி. டிடிஆர்2 800, 2 ஜிபி ரெண்டு கட்டை. வாங்கக்குள்ள கவனம், "ஏஎம்டிக்கு மட்டும்" எண்டு மலிவா ஒரு வகை டிடிஆர்2 வருது. அதில சிப் அடர்த்தி வேற, இன்டெல் சிப்செட் அதைப் படிக்காது. கடையிலயே போட்டுக் காட்டச் சொல்லுங்க. 4 ஜிபி போட்டு 3.2 சொச்சம்தான் தெரிஞ்சா கட்டை பழுது இல்ல, மிச்ச முகவரி இடத்தை போட்டில இருக்கிற மற்றச் சாமான் எடுத்திருக்கும். புதுக் கட்டை போட்ட அண்டு இரவு மெம்டெஸ்ட்86+ ஒரு சுற்று முழுசா ஓட விடுங்க. ஒரு பிழை காட்டினாலும் கட்டையைத் திருப்பிக் குடுங்க. பழுதான ரேமோட டேட்டாபேஸ் ஓடினா, நாசமானது எண்டு தெரிய வரக்குள்ள பெக்கப்பும் அதே நாசத்தோடதான் இருக்கும்.

அடுத்தது எஸ்எஸ்டி. ஐசிஎச்7ல சாட்டா 3 கிகாபிட், அதால செக்கனுக்கு 250, 270 எம்பிக்கு மேல போகாது. பெட்டியில 550 எண்டு போட்டிருக்கிற வேகம் உங்களுக்கு வராது, அதுக்காகக் கூடின விலைக்கு வாங்கவும் வேணாம். சேர்வருக்கு வேண்டியது அந்த வேகமில்ல. 7200 ஆர்பிஎம் தட்டு நிமிஷத்துக்கு 7200 சுற்று, செக்கனுக்கு 120. அங்கொண்டு இங்கொண்டா வாசிக்கச் சொன்னா செக்கனுக்கு நூறு தரம் வாசிக்கிறதே கஷ்டம். எஸ்எஸ்டிக்கு அது ஆயிரக்கணக்கு. மூடில் கேக்கிறது முழுக்க அங்கொண்டு இங்கொண்டுதான்.

பயோஸில ஏஎச்சிஐயை (சாட்டா டிஸ்க்கை ஓட்டுற புது முறை) தேடி மினக்கெடாதீங்க. சாதாரண ஐசிஎச்7ல அது இல்ல, ஐடிஈ முறையிலதான் ஓடும். அப்பிடியே விடுங்க.

பழைய டிஸ்க்கை அப்பிடியே கொப்பி பண்ண நினைச்சா, 160 ஜிபி டிஸ்க்கை 120 ஜிபி எஸ்எஸ்டிக்குப் பார்ட்டிஷனைச் சுருக்காம க்ளோன் பண்ண ஏலாது. 240 வாங்குங்க. அதுக்கு முதல் ஸ்மார்ட்சிடிஎல் (டிஸ்க் நல்லா இருக்கா எண்டு காட்டுற கட்டளை) போட்டு 5ஆம், 197ஆம் வரிகளைப் பாருங்க. 197 பூச்சியம் இல்லாட்டி டிஸ்க் படிக்க ஏலாத இடங்களோட இருக்கு, சாதாரண க்ளோன் இடையில நிக்கும், டிடிரெஸ்கியூதான் பாவிக்கணும். க்ளோன் முடிஞ்ச பிறகு ரெண்டையும் பூட்டி வச்சு ஒன் பண்ணாதீங்க. ரெண்டுக்கும் ஒரே யூயூஐடி (டிஸ்க்கை அடையாளம் காட்டுற எண்), எதில இருந்து எழும்பினது எண்டு தெரியாம பழசில ரெண்டு நாள் வேலை செஞ்சிருப்பீங்க.

மூண்டாவது, மலிவான சாமான், ஆனா உங்களுக்கு முக்கியம்: மதர்போட்டில இருக்கிற சிஆர்2032 பட்டறி. இந்த வயசுப் போட்டில அது செத்திருக்கும். இன்டர்நெட் இல்லாத லேப்பில நேரத்தைத் திருத்த ஆளில்ல. கரண்ட் போய் வந்தா டெபியன் கடைசியாச் சேமிச்ச நேரத்தில இருந்துதான் எண்ணத் தொடங்கும். ரெண்டு மணித்தியாலம் கரண்ட் இல்லாட்டி கடிகாரம் ரெண்டு மணித்தியாலம் பின்னால. மூடில் குவிஸைத் திறக்கிறதும் மூடுறதும் சேர்வர்ட நேரத்தை வச்சுத்தான். 9 மணிக் குவிஸ் 11 மணிக்குத் திறக்கும், பிள்ளைகள் "இன்னும் தொடங்கல்ல" எண்டு காட்டுது எண்டுவாங்க, நீங்க மூடிலுக்குள்ள பிழை தேடுவீங்க. பட்டறியை மாத்திட்டு பயோஸில நேரத்தை வச்சு, அங்கயே "கரண்ட் வந்தா தானா எழும்பு" எண்ட செட்டிங்கையும் போடுங்க. பயோஸ்ல அது ஏசி பவர் லொஸ் எண்ட பேரில இருக்கும்.

மற்றது நம்மட காலநிலை. கச்சான் காத்து வீசுற மாதங்கள்ல அறை வெக்கையோட மண் தூசியும் சேர்ந்து ஹீட்சிங்கை அடைக்கும். டீமெசெக்கில "க்ளொக் த்ரொட்டில்ட்" எண்ட வரி இருந்தா சிபியூ சூட்டில தன்ட வேகத்தைத் தானே குறைக்குது. எல்ஜிஏ775 ஃபேனை நாலு ப்ளாஸ்டிக் ஊசிதான் பிடிச்சிருக்கு, ஒண்டு கழண்டாலும் ஹீட்சிங் ஒரு பக்கம் தூக்கி நிக்கும். நாலையும் மதர்போட்டுக்குப் பின்னால பார்த்து உறுதிப்படுத்துங்க, பழைய பேஸ்டைத் துடைச்சு கடலை அளவு புதுப் பேஸ்ட். கடல் பக்கத்து உப்புக் காத்தில ரேம் கால்கள் மங்கிப் போகும், கழட்டி வெள்ளை அழிறப்பரால தேய்ச்சு, தூளைத் தட்டிட்டுப் போடுங்க. கப்பாசிட்டர் தலை உப்பியிருந்தா அந்த போட்டுக்கு ஒரு சதமும் செலவழிக்காதீங்க. இயந்திரத்தை மேசைக்கு மேல வைங்க, மார்கழி மழைக்கு நிலத்தில சேர்வர் வைக்கிற ஊர் இல்ல இது.

ஆரையம்பதி_லேப் பதில்:

ரெண்டு பேருக்கும் நன்றி. டீமெசெக்கில மரியாடிபிதான் கில்ட் எண்டு மூண்டு தரம் இருக்கு.

நிந்தவூரான் நானா சொன்ன மாதிரி மாத்தினேன். ஆனா இப்ப மூடிலைத் திறந்தா பக்கம் வரல்ல, பிஎச்பி எழுத்துகள் அப்பிடியே திரையில வருது. எங்க பிழை?

நிந்தவூரான் பதில்:

ஏ2என்கொன்ஃப் வரியை விட்டுட்டீங்க. மொட்யூலைக் கழட்டியாச்சு, எஃப்பிஎம்மிட்டக் குடு எண்டு அப்பாச்சிக்கு ஆரும் சொல்லல்ல, அதால பிஎச்பி ஃபைலைச் சாதாரண எழுத்தாக் குடுக்குது. அதைப் போட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க, சரியாகும்.

ஆனா ஒரு விசயம். அந்த நேரம் ஆராவது கொன்ஃபிக்.பிஎச்பியைத் திறந்திருந்தா டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் அப்பிடியே தெரிஞ்சிருக்கும். அக்சஸ் லொக்கில அந்தப் பேரைத் தேடிப் பாருங்க. ஒருத்தரும் திறக்கல்ல எண்டாலும் பாஸ்வேர்டை மாத்திடுங்க. லேப் பிள்ளைகள் நாம நினைக்கிறதை விடக் கெட்டிக்காரர். அடுத்த முறை இந்த மாதிரி வேலை செய்யக்குள்ள சேர்வர்ட நெட்வேர்க் வயரைக் கழட்டிட்டு, அதுக்கு முன்னாலயே இருந்து செய்யுங்க.

பாடுமீன்_07 பதில்:

மேல சொன்னதெல்லாம் சரி. ஆனா மூடிலுக்குள்ளயே வேலையைக் குறைக்காம சேர்வரை மட்டும் திருத்துறது அரைக் கிணறு.

குவிஸ் எத்தனை கேள்வி, ஒரு பக்கத்துக்கு எத்தனை? 40 கேள்வியை ஒரு பக்கத்துக்கு ஒண்டு எண்டு வச்சா, 40 பிள்ளைகளுக்கு 1600 பக்கம். 10 கேள்வி ஒரு பக்கம் எண்டா 160. குவிஸ் செட்டிங்ல லேயவுட் பகுதியில ஒரு சொடுக்கு. எந்தச் சாமான் வாங்கினாலும் பத்தில ஒண்டாக் குறையிற வேலை வேற இல்ல.

பக்கம் நீளமானா விடை அழிஞ்சு போகும் எண்டு பயப்பட வேணாம். மூடில் தானாவே நிமிஷத்துக்கு ஒருக்கா விடைகளைச் சேமிக்கும். ஆனா அந்தச் சேமிப்பும் ஒரு வேலைதான்: 40 பேர், நிமிஷத்துக்கு 40 தரம் டேட்டாபேஸில எழுதணும். நிர்வாகப் பக்கத்தில அந்த இடைவெளியை 2 நிமிஷம் ஆக்கலாம், அதுக்கு மேல கூட்டாதீங்க.

லொகின் தனிப் பிரச்சினை. பாஸ்வேர்டைச் சரிபார்க்கிற கணக்கை, திருடன் ஊகிச்சுப் பிடிக்காம இருக்க வேணுமெண்டே கனமாச் செஞ்சிருக்காங்க. 40 பேர் ஒரே நிமிஷத்தில லொகின் ஆனா பழைய சிபியூ மூச்சு வாங்கும். குவிஸ் 9 மணிக்கு எண்டா 8.45க்கே லொகின் ஆகி, பாடப் பக்கத்தில இருக்கச் சொல்லுங்க. குவிஸ் தொடங்கக்குள்ள ஒரு வரிசை முடிய மற்ற வரிசை எண்டு விடுங்க, வரிசைக்கு 10 செக்கன் இடைவெளி போதும். நேரம் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியா எண்ணுப்படுறதால ஒருத்தருக்கும் நட்டம் இல்ல. மூடுற நேரத்தை மட்டும் கொஞ்சம் தள்ளி வைங்க.

தீம் டிசைனர் மோட் ஒன்ல இருந்தா உடனே ஓஃப் பண்ணுங்க. அது ஒவ்வொரு பக்கத்துக்கும் சிஎஸ்எஸ்ஸை முதல்ல இருந்து கட்டும். டிபக்கிங்கும் அப்பிடித்தான். தானா ஓடுற கோர்ஸ் பெக்கப் எத்தனை மணிக்கு எண்டும் பாருங்க, பகல்ல எண்டா இரவு 1 மணிக்கு மாத்துங்க. க்ரொன் நிமிஷத்துக்கு ஒருக்கா ஓடட்டும், நிப்பாட்டினா வேலை சேர்ந்து பிறகு ஒரேயடியா விழும்.

பிடிஎஃப் வினாத்தாள் ஏத்தி வச்சிருக்கீங்களா? மூடில் ஃபைல்களை அப்பாச்சி நேரே குடுக்கிறதில்ல. பார்க்க உரிமை இருக்கா எண்டு பிஎச்பி பார்த்து, அந்த பிஎச்பியே ஃபைலையும் வாசிச்சுக் குடுக்கும். 10 வேர்க்கர் உள்ள இடத்தில 10 பிள்ளைகள் பெரிய பிடிஎஃப் இறக்கினா மற்ற 30 பேரும் காத்திருக்கணும். லிப்அப்பாச்சி2-மொட்-எக்ஸ்சென்ட்ஃபைல் பொதியைப் போட்டு, அதுக்கு மூடில்டேட்டா அடைவை அனுமதிச்ச பாதையாக் குடுத்து, கொன்ஃபிக்.பிஎச்பியில எக்ஸ்சென்ட்ஃபைல் வரியைச் சேருங்க. பிறகு பிஎச்பி உரிமையை மட்டும் பார்த்துட்டு விலகும், ஃபைலை அப்பாச்சி குடுக்கும். பாதையைக் குடுக்க மறந்தா ஃபைல்கள் எல்லாம் 404 எண்டு வரும்.

அப்பவும் வயர்ட அளவுக்குத்தான். ஈதிடூல் போட்டு ஸ்பீட் பாருங்க. 100 எண்டா செக்கனுக்கு 11, 12 எம்பி. 5 எம்பி பிடிஎஃப் 40 பேருக்கு 200 எம்பி, 17 செக்கன். கார்ட் 1000 ஆ இருந்தும் 100 காட்டினா வயர்ல நாலு சோடியில ஒண்டு அறுந்திருக்கும், தலையைத் திரும்பக் க்ரிம்ப் பண்ணிப் பாருங்க. ஸ்விச்சும் 1000 ஆனதா எண்டு பார்த்துட்டுத்தான் கார்ட் வாங்குங்க.

கல்முனை_நெட் பதில்:

எல்லாரும் அப்பாச்சியைப் பிடிச்சுத் தொங்குறீங்க. என்ஜின்எக்ஸுக்கு மாறினா பாதிப் பிரச்சினை முடிஞ்சிது. அதோட இசட்ரேம் (மெமரியை அமத்தி மெமரிக்குள்ளயே வைக்கிற ஸ்வொப்) போடுங்க, 2 ஜிபி 3 ஜிபி மாதிரி வேலை செய்யும். மரியாடிபியில இன்னோடிபி_ஃப்ளஷ்_லொக்_அட்_ட்ரான்ஸ்_கொமிட் = 2 ஆக்குங்க, எழுதுற வேகம் பறக்கும்.

எச்டிடிபிஎஸ் பாவிக்கிறீங்க எண்டா, கோர் 2ல ஏஈஎஸ்ஸுக்குத் தனிக் கட்டளை இல்ல. ச்சாச்சா20ஐ முன்னுக்குப் போட்டு, ஆர்எஸ்ஏக்குப் பதிலா ஈசிடிஎஸ்ஏ பி-256 சான்றிதழ் வைங்க. கைகுலுக்கலுக்குச் சேர்வர் செய்யிற கணக்கு நல்லாக் குறையும்.

நிந்தவூரான் பதில்:

டிஎல்எஸ் விசயம் சரி. என்ஜின்எக்ஸ் நல்ல சாமான்தான், முதல்ல இருந்து கட்டுற ஆளுக்கு அதையே சொல்லுவன். ஆனா ஈவென்ட் முறைக்கு மாறின அப்பாச்சிக்கும் அதுக்கும் 40 பேர் உள்ள லேப்பில வித்தியாசம் தெரியாது, கனமான வேலை ரெண்டிலயும் அதே எஃப்பிஎம்தான். மூடில் ஃபைல் முகவரியை பிஎச்பி பேருக்குப் பின்னால சாய்கோடு போட்டு நீட்டும். என்ஜின்எக்ஸ்ல ஃபாஸ்ட்சிஜிஐ_ஸ்ப்ளிட்_பாத்_இன்ஃபோ சரியா எழுதாட்டி பக்கம் வரும், சிஎஸ்எஸ்ஸும் படமும் வராது. தவணை நடுவில இவர் அந்த வேலைக்குப் போக வேணாம்.

இசட்ரேம் போடுறது நல்லது, ஆனா எதுக்கு எண்டு விளங்கிப் போடணும். சும்மா கிடக்கிற மெமரியை அமத்தி வைக்க உதவும். எல்லாரும் ஒரே நேரம் வேலை செய்யிற ப்ரொசஸ்களை அமத்துறதும் விரிக்கிறதும் சிபியூவுக்குத்தான் பாரம். வேர்க்கர் எண்ணிக்கையைச் சரியா வச்ச பிறகு, மேலதிகக் காப்பா இசட்ரேம்-டூல்ஸ் போட்டு ஆல்கோ எல்இசட்4, பெர்சென்ட் 25 எண்டு வைங்க. கோர் 2க்கு இசட்எஸ்டிடி கொஞ்சம் கனம். டிஸ்க் ஸ்வொப்பையும் கழட்டாம குறைஞ்ச முன்னுரிமையில விடுங்க.

ஃப்ளஷ்_லொக் 2 பற்றி: 1ல இருந்தா ஒவ்வொரு கொமிட்டும் தட்டில எழுதி முடிஞ்சிது எண்ட உறுதி வரும் வரைக்கும் நிக்கும். வாழைச்சேனை சொன்ன அந்த 120 சுற்றுதான் இங்கயும் எல்லை. 2ல வச்சா செக்கனுக்கு ஒருக்காத்தான் தட்டுக்குப் போகும். மரியாடிபி மட்டும் விழுந்தா ஒண்டும் போகாது, கரண்ட் போனா கடைசி ஒரு செக்கன் அளவு போகலாம். விடைகளே நிமிஷத்துக்கு ஒருக்காத்தான் சேமிக்குது, அதால இந்த லேப்புக்கு 2 பரவாயில்ல. கட்டணக் கணக்கு வைக்கிற டேட்டாபேஸ் அதே இயந்திரத்தில இருந்தா 1லயே விடுங்க. எப்படியும் யூபிஎஸ் ஒண்டு வேணும், பழசு இருந்தா 12 வோல்ட் 7 ஆம்பியர் அவர் பட்டறியை மட்டும் மாத்தினாலே காணும்.

ஆரையம்பதி_லேப் பதில்:

செஞ்சது: க்னோம் ஓஃப், ஈவென்டும் எஃப்பிஎம்மும், 10 வேர்க்கர், பஃபர் பூல் 256, ஃப்ளஷ்_லொக் 2, குவிஸ் ஒரு பக்கத்துக்கு 10 கேள்வி, சிஎம்ஓஎஸ் பட்டறி. பாஸ்வேர்டும் மாத்தியாச்சு. ரேமும் எஸ்எஸ்டியும் இன்னும் வாங்கல்ல.

இண்டைக்கு 40 பேரும் வரிசை பிரிக்காம ஒரே நேரம் திறந்து பார்த்தது. ஆருக்கும் வெள்ளைத் திரை இல்ல. கடைசிப் பிள்ளைக்குப் பக்கம் வர 9 செக்கன். விஎம்ஸ்டாட்டில எஸ்ஐ, எஸ்ஓ பூச்சியம், பி 0 அல்லது 1, ஆர் 10, யூஎஸ் 93, டபிள்யூஏ 1. டீமெசெக்கில த்ரொட்டில்ட் வரி இல்ல.

நானா, திரும்பக் கேக்கிறன் எண்டு கோவிக்காதீங்க. இப்ப க்யூ6600 போட்டா?

நிந்தவூரான் பதில்:

இப்ப கேக்கலாம். யூஎஸ் 93, ஆர் 10 எண்டா இப்ப சிபியூவுக்காகத்தான் வரிசை நிக்குது. போன தரம் இல்ல எண்டதுக்கும் இந்தத் தரம் ஓம் எண்டதுக்கும் அதே விஎம்ஸ்டாட்தான் சாட்சி.

கணக்கு இது. இ7500 ரெண்டு கோர் 2.93, க்யூ6600 நாலு கோர் 2.4. கோர் ஒண்டை எடுத்தா க்யூ6600 மெதுவு, ஒரே ஆள் திறக்கிற பக்கம் ஐஞ்சில ஒரு பங்கு கூட நேரம் எடுக்கும். நாலையும் சேர்த்தா 9.6, உங்கட ரெண்டும் சேர்ந்து 5.86. வரிசை 1.6 மடங்கு வேகமாக் கரையும், 9 செக்கன் 6க்குக் கிட்ட வரும். பஸ் வேகம் ரெண்டுக்கும் 1066, அதில சிக்கல் இல்ல.

வாங்க முதல் மதர்போட் மொடல் எண்ணைப் பார்த்து, அதுக்கான சிபியூ பட்டியல்ல க்யூ6600 இருக்கா, எந்த பயோஸ் பதிப்பில இருந்து எண்டு பாருங்க. பயோஸைப் புதுப்பிக்கிறதெண்டா பழைய சிபியூ போட்டபடியே, யூபிஎஸ்ஸில வச்சுச் செய்யுங்க. சிபியூ மேல எஸ்எல்ஏசிஆர் எண்டு அடிச்சிருந்தா 95 வாட்ஸ், அந்தக் குறி இல்லாத பழைய வகை 105. இப்ப இருக்கிறது 65. அந்த ஒல்லி ஹீட்சிங்கை அப்பிடியே வச்சுப் போட்டா கச்சான் தொடங்கின கிழமையே த்ரொட்டில்ட் வரி வரும், செப்பு நடு உள்ள உயரமானதாப் பாருங்க.

சல்லி ஒண்டுக்குத்தான் இருக்கு எண்டா ரேமை வாங்குங்க. அந்த 3 செக்கனுக்குப் பாடுமீன் சொன்ன மாதிரி வரிசை வரிசையா விட்டாப் போதும்.